நாற்பத்தேழாம் கடைக்கு யார் ஆஜர்?

எங்கள் ரெத்தாமா சந்தையில் நாற்பத்தேழாம் எண் கடையில் உருளைக்கிழங்கு விற்றவளை ஊரே தொமித்தீலா என்று கூப்பிட்டது. அவள் பெயர் மெல்ச்சோரா. தொமித்தீலா என்பது செத்துப்போன அவள் அக்காவின் பெயர். அக்காவின் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்ட மாதிரி அந்தப் பெயரையும் போர்த்திக்கொண்டு முப்பத்து நான்கு வருஷம் காலம் தள்ளினாள். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவளும் நானும். நான் முப்பத்து நான்கு வருஷம் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் இருந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் ரகசியம் பத்திரமாக இருந்தது.

கிழங்கைப் பொறுத்தவரை அவளுக்கு இணை லிமா நகரத்திலேயே கிடையாது. கட்டைவிரல் நகத்தால் தோலை லேசாகக் கீறுவாள். எந்த மலை, எத்தனையாவது மழையில் தோண்டியது, சூப்புக்கா பொரியலுக்கா என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு கிழங்கை மோந்து பார்த்துவிட்டு, இதைத் தோண்டினவனுக்குப் பல்வலி என்றாள். லாரிக்காரனிடம் விசாரித்தோம். கடைவாய்ப் பல்லாம்.

சந்தையில் வாங்குகிறவளையும் கசேரா என்றுதான் கூப்பிடுவோம், விற்கிறவளையும் கசேரா என்றுதான் கூப்பிடுவோம். ஒருத்தியை ஒருத்தி அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டால் அது கிட்டத்தட்ட கல்யாணம். அப்புறம் பக்கத்துக் கடையில் கால் கிலோ வாங்கினால்கூட முக்காடு போட்டுக்கொண்டு பின்தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பந்தத்துக்கு அடையாளம் கொசுறு. நாற்பத்தேழாம் கடையின் கொசுறு கட்டைவிரல் அளவுக்கு ஒரே ஒரு ஊதாக் கிழங்கு. அது பையில் விழாமல் யாரும் நகரமாட்டார்கள். மந்திரியின் வீட்டுச் சமையல்காரி ஒருத்தி அந்த ஒரு கிழங்குக்காக மூன்று பஸ் மாறி வந்தாள் என்று நான் சொல்வதுண்டு. இரண்டு பஸ்ஸாகவும் இருக்கலாம்.

பெயர் மாறின கதை எண்பத்தெட்டாம் வருஷத்தில் ஆரம்பிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நானூறு குடும்பங்கள், குடும்பத்துக்கு நாலு நாணல் தட்டி என்று தூக்கிக்கொண்டு நகரத்தின் வடக்கு ஓரத்து மணலில் வந்து இறங்கினோம். அரசாங்கம் கொடுக்காத நிலம். நாங்களே எடுத்துக்கொண்ட நிலம். அப்போது அங்கே காற்று எப்படி என்றால், ஒருவர் போட்ட தும்மல் மூன்று தட்டி தள்ளி இருப்பவர் மூக்கிலிருந்து வரும். தினம் மூன்று வேளை பெயர்ப் பட்டியல் வாசிப்போம். காலை, மத்தியானம், பொழுது சாய்கிற நேரம். பெயரை மூன்று முறை கூப்பிடுவோம். 'ஆஜர்' என்று குரல் வரவேண்டும். அடுத்தடுத்து மூன்று வேளை குரல் வராவிட்டால் பெயர் அடிபடும், தட்டி பிடுங்கப்படும். நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் பேனாவும் நோட்டும் என் கையில்.

ஒரு வாரத்துக்குள் சில கெட்டிக்காரர்கள் தட்டியை நட்டுவிட்டு நகரத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டு, ஆஜர் சொல்ல வாடகைக்கு ஆள் வைத்ததைக் கண்டுபிடித்தோம். அதனால் ஒன்பதாம் விதி வந்தது: இன்னொருவர் பெயருக்கு ஆஜர் சொன்னவர் இங்கே ஒரு நாளும் மனை வைத்துக்கொள்ள முடியாது. பிற்பாடு சந்தை வந்தபோது, கடைப்பலகைக்குப் பின்னால் நிற்கவும் முடியாது என்று ஒரு வரி சேர்த்தோம். இரண்டையும் எழுதினவள் நான்தான். கையெழுத்து முத்து முத்தாக வந்திருந்தது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தொமித்தீலா வார்க்காயா அயாகுச்சோ பக்கத்து மலையில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குத் தப்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள். ஐந்து மாதக் குழந்தை முதுகில். புருஷன் விளக்குத் திரி வாங்கி வருகிறேன் என்று போனவன். நல்ல திரி இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவள் தங்கை மெல்ச்சோராவுக்குப் பதினேழு வயது. கடலோரப் பணக்கார வீடொன்றில் வேலைக்காரி. பன்னிரண்டாம் நாள் தொமித்தீலா இருமி இருமி ரத்தம் துப்பினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறபோது தங்கையின் கையில் குழந்தையைக் கொடுத்து, நான் வருகிற வரைக்கும் என் பெயருக்கு ஆஜர் சொல்லு என்றாளாம். ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் செத்துப்போனாள்; அதுவரை தங்கைதான் சால்வையை இழுத்து மூடி, இருமிக் காட்டி ஆஜர் சொல்லிவந்தாள்.

மெல்ச்சோரா அக்காவைப் புதைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காலை வாசிப்பும் மத்தியான வாசிப்பும் போய்விட்டன. மூன்றாவதும் போனால் தட்டி போய்விடும். மாலையில் நான் பெயரைக் கூப்பிட்டபோது, மூக்கு வரை சால்வை சுற்றின ஒருத்தி குழந்தையோடு நின்று ஆஜர் என்றாள். அன்று குரலில் இருமல் இல்லை. மருந்து கேட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு டிக் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பொதுச் சமையலில் அவள் கிழங்கு சீவுவதைப் பார்த்தேன். தொமித்தீலா வலது கையால் சீவுவாள். இவள் கத்தி பிடித்தது இடது கையில். மருந்து இருமலை மாற்றும், கையை மாற்றாது என்பது படித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. அன்று மாலையும் டிக் போட்டேன். பதினெட்டு வயது ஆகாதவளுக்கு மனை கிடையாது. பெயரை அடித்தால் குழந்தை வெறும் மணலில் கிடக்கும்.

அப்புறம் தட்டி செங்கல் ஆனது, மணல் தெரு ஆனது. அந்தப் பட்டியலைப் பார்த்தே சந்தையில் கடையும் ஒதுக்கினோம். குழந்தை நியேவெஸ் வளர்ந்து மெல்ச்சோராவை அம்மா என்றது. பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் தொமித்தீலா. ஊர் கூப்பிடுவதும் தொமித்தீலா. பிள்ளை சந்தேகப்பட வழியே இல்லை. மெல்ச்சோரா கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் எந்தப் பெயரில் செய்துகொள்வது?

தேர்தல் வந்தால்தான் சிக்கல். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். போட வேண்டுமானால் சொந்தப் பெயர் அட்டையோடு, பழைய விலாசத்தில், நகரத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். சாகக் கிடக்கிற சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த மனுஷர் முப்பது வருஷம் சாகக் கிடந்தார், தேர்தல் நாட்களில் மட்டும்.

இப்படியே போயிருக்கும். போன வருஷம் சந்தைக்குப் பட்டா வந்தது. முப்பது வருஷமாக நாங்கள் ஊர்வலம் போய்க் கேட்ட பட்டா. சங்கத் தலைவர் ருஃபீனோ, கோழிக் கடைக்காரர், ஒலிபெருக்கியில் விவரம் சொன்னார். ஆண்டுவிழா ஞாயிறன்று பதிவாளர் அலுவலக எழுத்தர் நேரில் வருவார். ஆதிப் பட்டியலில் உள்ள பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் அடையாள அட்டையோடு முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பட்டியலில் உள்ளவர் இறந்திருந்தால் புருஷனோ பெண்டாட்டியோ பிள்ளையோ சான்றிதழ் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கூடப் பிறந்தவர்களுக்குக் கிடையாது. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராத கடை காலி. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். முதலில் இருந்தவர் ருஃபீனோவின் மைத்துனர்.

விழாவுக்கு ஆறு நாள் முன்னால் மெல்ச்சோரா என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையில் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்து, தன் அட்டை, அக்காவின் இறப்புச் சான்றிதழ், நியேவெஸின் பிறப்புச் சான்றிதழ் என்று கிழங்கைத் தரம் பிரிப்பது போல மூன்றையும் தனித்தனியாக வைத்தாள்.

"டீச்சர், அந்த லிஸ்டு உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ஒரு பேர அடிச்சிட்டு ஒரு பேர எழுத எத்தன நேரம் ஆகும்?"

நல்ல கேள்வி. மறுநாளே சங்க அறைக்குப் போய், பழைய நோட்டைப் புரட்டுகிற சாக்கில் ஒரு குவளை சூடான பார்லிக் கஷாயத்தை நேராக வார்க்காயா குடும்பத்தின் மேல் கவிழ்த்தேன். ருஃபீனோ ஓடி வந்து துடைத்தார். கவலைப்படாதீர்கள், மார்ச் மாதமே மூன்று நகல் எடுத்துப் பதிவாளருக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். பாவம், டீச்சருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று வெளியே வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார். பூகம்பத்தின்போது ஊசியில் நூல் கோத்தவள் நான். அந்த அவமானத்தையும் அவளுக்காகத் தாங்கிக்கொண்டேன்.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். தொமித்தீலா செத்துவிட்டாள் என்று சபையில் சொல்ல வேண்டும். அப்போது கடை தொமித்தீலாவின் மகள் நியேவெஸுக்குப் போகும். ஆனால் சொன்ன அந்த நிமிஷமே மெல்ச்சோரா ஒன்பதாம் விதியில் மாட்டுவாள். கடைப்பலகைக்குப் பின்னால் நிற்க முடியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். இத்தனை வருஷம் அம்மா என்று கூப்பிட்ட வாய் அப்புறம் என்ன சொல்லும்? சொல்லாமல் விட்டால் அம்மாவாகவே இருக்கலாம், கடை போய்விடும். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நியேவெஸுக்கு அந்தக் கடையைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. விடியுமுன் மொத்தச் சந்தையிலிருந்து மூட்டை தூக்கி வருவது அவள்தான். மூட்டை ஏற்ற மூன்று சக்கர வண்டி ஒன்றை அப்போதுதான் வாங்கி, பச்சை வர்ணம் அடித்து, 'நாற்பத்தேழு' என்று பக்கவாட்டில் எழுதியிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் நியேவெஸ் அம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நகல் எடுக்க வேண்டும், கடைசி நாளில் கூட்டம் இருக்கும் என்றாள். திங்கட்கிழமை அட்டை பெட்டிக்கு அடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை துவைக்கப் போட்ட பாவாடையில் இருந்தது. புதன்கிழமை அதைப் பூனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர்கள் வீட்டில் பூனையே கிடையாது. வெள்ளிக்கிழமை நாற்பத்தேழாம் கடை திறக்கவில்லை. சந்தை தோன்றிய நாளாக அது மூடிக் கிடந்ததை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் நாற்பத்தாறாம் கடை செனோபியாவுடையது. அவளும் கிழங்குதான் விற்கிறாள், அதனாலேயே மெல்ச்சோராவோடு முப்பது வருஷப் பகை. வண்டியோடு வந்து திகைத்து நின்ற நியேவெஸைப் பார்த்து அவள் சொன்னாள்:

"உங்கம்மா கடைய மூடணும்னா ஒண்ணு உலகம் அழியணும், இல்ல அவ போலீசுக்குப் பயந்து ஒளியணும். உலகம் இருக்கு."

நியேவெஸ் சும்மா இருக்கிறவளா? உன் அழுகல் கிழங்கைப் பார்க்கச் சகிக்காமல்தான் அம்மா வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனால் முகம் வாடிவிட்டது. மத்தியானத்துக்குள் மெல்ச்சோராவுக்குப் புற்றுநோய், அவள் கடனாளி, கொலைகாரி என்று மூன்று வதந்தி சுற்ற ஆரம்பித்தன. மூன்றாவதைக் கிளப்பிவிட்டது நான்தான். அத்தனை பெரிய பொய் நடுவில் இருந்தால் உண்மை கண்ணில் படாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மெல்ச்சோரா மறுபடி வந்தாள். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடு, நியேவெஸ் இளம் பெண், எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

"அன்னிக்கு எதுக்கு ஆஜர் சொன்னேன் டீச்சர்? அவ மணல்ல கெடக்கக் கூடாதுன்னு. இப்ப வாய மூடிக்கிட்டா அதே மணல்லதான் நிப்பா. அப்புறம் நான் அவளுக்கு அம்மாவா இருந்து என்ன பிரயோஜனம்?"

அப்படியானால் நியேவெஸிடம் முன்னாலேயே சொல்லிவிடு, சபையில் கேட்க வைக்காதே என்றேன். தலையாட்டினாள். அன்று முழுக்க முயற்சி செய்திருக்கிறாள். மூன்று தடவை கூப்பிட்டு உட்கார வைத்து, மூன்று தடவையும் சாப்பிட்டியா என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆகஸ்டு மாதத்து ஈர மூட்டம். எங்கள் ஊர் மழை விழாது; காற்றிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும், துணியைக் காட்டினால் பிழிந்துகொள்ளலாம். சந்தையின் நடுப்பாதையில் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். எழுத்தர் மடக்கு மேஜைக்குப் பின்னால் சளி பிடித்த மூக்கோடு இருந்தார். எங்கள் கூட்டம் எப்போதும் செத்தவர்களிலிருந்துதான் ஆரம்பிக்கும். மணலில் முதலில் இறங்கி, அதற்கப்புறம் காலமானவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுக்க ஒரே குரலாக ஆஜர் என்று சொல்லும். அன்றைக்கு இருபத்து மூன்று பெயர். மெல்ச்சோரா எல்லாருக்கும் சேர்ந்து ஆஜர் சொன்னாள். குரல் சரியாகத்தான் இருந்தது.

பிறகு உயிரோடு இருப்பவர்களின் முறை. ஒவ்வொருவராக எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் கைநாட்டு வைத்துவிட்டு அழுதார்கள். நாற்பத்தாறாம் கடைக்குச் செனோபியா கல்யாணப் பெண் மாதிரி நடந்து போய் வந்தாள்.

"நாற்பத்தேழு. தொமித்தீலா வார்க்காயா," என்றார் ருஃபீனோ.

மெல்ச்சோரா அசையவில்லை.

"தொமித்தீலா வார்க்காயா."

"அம்மா, உன்னத்தான்," என்று நியேவெஸ் முழங்கையால் இடித்தாள்.

மூன்றாவது முறை கூப்பிடுகிறபோது ருஃபீனோவின் குரல் இறங்கிவிட்டது. மைத்துனர் பின்வரிசையில் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மெல்ச்சோரா எழுந்தாள்.

"அவ இல்ல. செத்து முப்பத்தி நாலு வருஷமாச்சு."

சபையில் யாரோ சிரித்தார்கள். கிண்டல் என்று நினைத்தார்கள்.

"அப்ப நீ யாரு?" என்றார் ருஃபீனோ.

"தங்கச்சி. மெல்ச்சோரா." முடிச்சை எழுத்தரின் மேஜையில் வைத்தாள். "செத்தவளுக்கு ஒரு பொண்ணு இருக்கா. கடை அவளுக்குத்தான் சேரணும். இதோ உக்காந்திருக்கா."

நியேவெஸ் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இவ என்ன சொல்றா, டீச்சர்?"

நான் தலையைக் குனிந்தேன். 

"உங்களுக்கும் தெரியுமா," என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

மைத்துனர் விடவில்லை. சந்தையில் கடை ஒதுக்கியது தொண்ணூற்றொன்றில். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே செத்தவளுக்குக் கடை எப்படி வரும், ஒதுக்கினதே செல்லாது என்றார். சட்டப்படி அதில் விஷயம் இருந்தது. ருஃபீனோ எழுத்தரைப் பார்த்தார், எழுத்தர் கைக்குட்டையைப் பார்த்தார். அப்போது எழுந்தவள் செனோபியா. முப்பது வருஷப் பகைக்காரி, காரியத்தைக் கெடுக்கத்தான் எழுகிறாள் என்று நினைத்தேன்.

"காலைல இருபத்தி மூணு பொணத்துக்கு ஆஜர் சொன்னோம். நீயும்தான் வாயத் தொறந்து சொன்ன, நான் பாத்தேன். வருஷத்துக்கு ஒருக்கா நாம சொல்றத இவ தினம் சொல்லியிருக்கா. செத்தவங்க நம்ம சந்தையில ஆஜர்னா தொமித்தீலாவும் ஆஜர்தான். இல்லேன்னா எங்கப்பன் பேரயும் இனிமே கூப்பிடாதீங்க."

அவளுடைய அப்பா அந்த இருபத்து மூன்றில் முதல் பெயர். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பெட்டி பெட்டியாக நகர்ந்தது. எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிடம் இருப்பது ஆதிப் பட்டியல், அதில் தொமித்தீலா இருக்கிறார், இறந்துவிட்டார், மகள் இருக்கிறார், தனக்கு மகள் போதும் என்றார். செத்தவர்கள் எப்போது கடை திறந்தார்கள் என்று விசாரிப்பது தன் வேலை இல்லையாம்.

நியேவெஸ் மேஜைக்குப் போனாள். எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, தாயின் பெயர் என்று கேட்டார்.  தொமித்தீலா வார்க்காயா என்றாள். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் நூறு தடவை சொன்ன அதே பெயர்தான். அன்றைக்கு முன்பின் தெரியாத ஒருத்தியின் பெயரைச் சொல்வது போல அசை அசையாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். பச்சை வண்டி கல்லில் குதித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

ருஃபீனோ ஒன்பதாம் விதியை வாசிக்க வேண்டியிருந்தது. நல்ல மனுஷர்தான், பாதியில் நிறுத்தி, வேண்டுமானால் டீச்சரே வாசிக்கட்டுமே என்றார். வாசித்தேன். நான் எழுதினதுதானே. எதற்கும் உதவாத அழகான கையெழுத்து. மெல்ச்சோரா கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டு, தலையாட்டிவிட்டு, கடைப்பலகைக்குப் பின்னால் ஆணியில் தொங்கின தன் மேலங்கியைச் செனோபியாவை எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். தானே எடுக்க ஓரடி உள்ளே போக வேண்டும். போகவில்லை.

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்; வீடு இப்போது நியேவெஸுடையது, அதில் தங்கக் கூடாது என்று விதியில் இல்லை. வேறு எங்கே போவார்கள்? நியேவெஸ் விடியுமுன் எழுந்து போவாள், மாலையில் வருவாள், வைத்ததைச் சாப்பிடுவாள், படுப்பாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டால் கூப்பிட வேண்டி வரும். என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகுப் பக்கமாக நின்று, உப்பு எங்கே என்று சுவரைக் கேட்பாளாம். இதையெல்லாம் மெல்ச்சோரா என்னிடம் வந்து சொல்வாள். என்னோடும் நியேவெஸ் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதில் தப்பு சொல்ல முடியாது.

முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து பழகின உடம்பு தூங்குமா? மெல்ச்சோரா வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள். வாசல் முடிந்ததும் தெருவைப் பெருக்கினாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் குன்றையே பெருக்கித் தட்டையாக்கியிருப்பாள். சமையலுக்குக் கிழங்கு மட்டும் வாங்க மறுத்தாள். வேறு கடையில் வாங்க மனசு வரவில்லை; அந்தக் கடைக்குப் போகக் கால் வரவில்லை. மூன்று வாரம் அரிசியும் மக்கரோனியுமாகப் போனது. கிழங்கு வியாபாரி வீட்டில் கிழங்கில்லாத சூப்பு. நியேவெஸ் அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் மெல்ச்சோரா வலைப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தாள். நான் அப்போது செனோபியா கடையில் நின்றுகொண்டிருந்தேன். தற்செயலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழாம் கடையின் முன்னால், வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கத்தில், வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றாள். முன்னால் இருந்த இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள். அவள் நகரவில்லை. தன் முறை வரட்டும் என்று நின்றாள்.

முறை வந்தது. நியேவெஸ் நிமிர்ந்து பார்த்தாள். உதடு ஒரு எழுத்தைச் சொல்லப் போய் நின்றது. பிறகு, ஊரில் எல்லாரையும் கேட்பது போலக் கேட்டாள்:

"என்ன வேணும், கசேரா?"

செனோபியா என் கையைக் கிள்ளினாள். இன்னும் தழும்பு இருக்கிறது.

"மஞ்சள் கிழங்கு. ரெண்டு கிலோ," என்றாள் மெல்ச்சோரா.

நியேவெஸ் நிறுத்தாள். பையில் கொட்டினாள். வழக்கப்படி ஒரு ஊதாக் கிழங்கை எடுத்துக் கொசுறாகப் போட்டாள். மெல்ச்சோரா நகரவில்லை. வலைப்பையை விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். நியேவெஸ் இன்னொன்று போட்டாள். அப்போதும் நின்றாள். மூன்றாவது, நான்காவது. பின்னால் வரிசை நீண்டது. யாரும் முணுமுணுக்கவில்லை.

"எத்தன வேணும்?" என்று நியேவெஸ் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ போடற வரைக்கும்."

நியேவெஸின் கை கிழங்குக் குவியலின் மேல் சும்மா கிடந்தது. பிறகு மெல்ச்சோராதான், குரலைத் தாழ்த்தி, இடது பக்கத்து மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது, அடியில் வைக்காதே, மேலே எடுத்துக் காய வை என்று சொன்னாள். நியேவெஸ் மூட்டையை மோந்து பார்த்தாள்.  எடுத்து மேலே வைத்தாள்.

இதை எழுதுகிற நாள் வரைக்கும் அந்த வீட்டில் அம்மா என்ற சொல் திரும்பி வரவில்லை. சித்தி என்றும் வரவில்லை. மெல்ச்சோரா தினமும் காலையில் வலைப்பையோடு போய், வரிசையில் நின்று, தான் முப்பது வருஷம் நடத்தின கடையில் இரண்டு கிலோ மஞ்சள் கிழங்கு வாங்குகிறாள். இரண்டு பேர் உள்ள வீட்டுக்குத் தினம் இரண்டு கிலோ. கொசுறு நேற்று ஏழு வரைக்கும் போனது. மாலையில் அதை வேகவைத்து, உதிர உதிர மசித்து வைக்கிறாள். நியேவெஸ் வந்து, முதுகைக் காட்டாமல் மேஜையில் உட்கார்ந்து, இரண்டு தட்டு சாப்பிடுகிறாளாம்.